ஆறு குதிரைவலு மோட்டாருக்கு எந்தப் புரொப்பெலர்?

என் படகு 6 நொட்டுக்கு (மணிக்கு 6 கடல்மைல்) மேல் ஓடாது. மோட்டாரை மாற்றினாலும் ஓடாது, புரொப்பெலரை மாற்றினாலும் ஓடாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் இரண்டு கோடைகளை வீணாக்கியிருக்க மாட்டேன்.

படகு, கற்றலினா 22. 1969இல் வெளிவந்து, பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்ட சின்னப் பாய்ப்படகு. நீளம் 21 அடி 6 அங்குலம், நீர்க்கோட்டில், அதாவது நீர்மட்டத்தில் அளந்தால், 19 அடி 4 அங்குலம். ஏற்றி இறக்கும் கீலோடு (படகின் அடியில் நிற்கும் பாரமான தகடு) ஏறக்குறைய ஆயிரம் கிலோ. இப்படி நீரை விலக்கிக்கொண்டு போகும் படகு எதுவானாலும், தான் எழுப்பும் அலைக்குள்ளேயே ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்ளும். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நொட்டில் கிடைக்கும். இந்தப் படகுக்கு 5.9. அதற்கு மேல் விரட்டினால் பின்புறம் அமிழும், முன்புறம் நிமிரும், பெற்றோல் எரியும், அவ்வளவுதான்.

நிற்பது ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், பிளஃபர்ஸ் பார்க்கில். நம் ஆட்கள் கோடையில் இறைச்சி வாட்டப் போகும் அதே இடம். மேலே மண்மேடு, கீழே ஒன்ராறியோ ஏரி. உள்ளே நுழையும் வாயிலில் மணல் வந்து சேரும், அவ்வப்போது தூர்வார வேண்டியிருக்கும். பின்னால் பூட்டியிருப்பது 6 குதிரைவலு வெளியிணைப்பு (அவுட்போர்ட்) மோட்டார்: ஒற்றைச் சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், 123 சிசி. மோட்டாரோடு வந்த புரொப்பெலருக்கு மூன்று இதழ், விட்டம் ஏறக்குறைய 8 அங்குலம், பிட்ச் 8 அங்குலம். காற்றில்லாத காலையில் அதில் ஒரு குறையும் தெரியாது. காற்று 20 நொட்டில் முகத்துக்கு நேரே அடித்து, குட்டை அலை ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் அறையும்போது மோட்டார் முக்கும், படகு நடப்பவரைவிட மெதுவாகப் போகும்.

அந்த நிலைமையை யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் வளர்ந்த பெரியப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். ஊரில் 15 குதிரைவலு பூட்டிய வள்ளம் வைத்திருந்தவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது ஓட்டத்துக்குப் போட்ட காற்றாடி. உனக்கு வேண்டியது இழுவை." விஷயம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. ஆனால் இழுவைக்கு எதைப் போடுவது என்பதில் நாலைந்து வழி உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

முதலில் பிட்ச் என்ன என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். மெழுகுக்குள் திருகாணி இறங்குவதுபோல, புரொப்பெலர் வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். இனிக் கணக்கைப் பாருங்கள். மோட்டார் நிமிடத்துக்கு 5,500 சுற்று. கியர் விகிதம் 2.15, அதாவது எஞ்சின் 2.15 சுற்றுச் சுற்றினால் புரொப்பெலர் ஒரு சுற்று. ஆகவே புரொப்பெலர் சுற்றுவது 2,560 அளவில். 8 அங்குல பிட்ச் வழுக்காமல் போனால் மணிக்கு 16.8 கடல்மைல். 6 அங்குலம் என்றால் 12.6. படகோ 5.5இல் போகிறது! அதாவது முதலாவதில் மூன்றில் இரண்டு பங்கும், இரண்டாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலும் வழுக்கலிலேயே போய்விடுகிறது.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் மரக்கோல் ஊன்றி வள்ளம் தள்ளுபவருக்கு இந்த வழுக்கல் கிடையாது. கோல் நிலத்தில் நிற்கும், வள்ளம் நகரும். புரொப்பெலருக்கு ஊன்ற நிலமில்லை. தண்ணீரைப் பின்னே எறிந்துதான் படகை முன்னே தள்ள வேண்டும். கொஞ்சத் தண்ணீரை வேகமாக எறியலாம், நிறையத் தண்ணீரை மெதுவாகவும் எறியலாம். இரண்டிலும் ஒரே தள்ளுவிசை கிடைக்கலாம், ஆனால் முதலாவதற்கு எஞ்சின் கூடுதலாக உழைக்க வேண்டும். மெதுவான, பாரமான படகுக்கு நல்லது இரண்டாவது வழி: பெரிய விட்டம், குறைந்த பிட்ச், மெதுவான சுழற்சி. மின்சார அவுட்போர்ட்களில் பெரிய புரொப்பெலரை ஆறுதலாகச் சுற்ற விட்டிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். மோட்டாரோடு வரும் புரொப்பெலர் மோசமானதல்ல. அதைத் தேர்ந்தவர்கள் 12 அடி அலுமினியப் படகில் இரண்டு பேர் மீன் பிடிக்கப் போவதை நினைத்துத் தேர்ந்திருக்கிறார்கள். அந்தப் படகு தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும், அதற்கு 8 பிட்ச் பொருந்தும். பாய்ப்படகிலும், மோட்டார் வெறுமனே டொக்கிலிருந்து வெளியே வர நூறு மீட்டர் ஓடுவதற்கு மட்டும் என்றால், மாற்ற ஒரு காரணமுமில்லை. அமைதியான சின்ன ஏரியில் 16 அடிப் படகு வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையை இத்தோடு விட்டுவிட்டுப் போய்ப் பாயை ஏற்றலாம்.

ஆனால் பாரமான படகில் கூடிய பிட்ச் இருந்தால் எஞ்சின் தன் சுற்றுக்கு ஏறாது. என்னுடையதற்குக் கைநூல் சொல்லும் முழு த்ரொட்டில் (வேகப்பிடியை முழுதாக முறுக்கிய நிலை) வீச்சு 5,000 முதல் 6,000 சுற்று. மெல்லிய காற்றிலேயே 4,800ஐத் தாண்டவில்லை. மோட்டாரில் ஒட்டியிருக்கும் 6 என்ற எண் அந்த வீச்சுக்குள் சுற்றும்போதுதான் உண்மை. அதற்குக் கீழே நின்றால், காசு கொடுத்து வாங்கிய ஆறில் ஒரு பகுதியை நான் பாவிக்கவேயில்லை. யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றுக்குள் ஒற்றைக் கியர் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெடலில் ஏறி நின்றாலும் சில்லு சுற்றாது. முழு த்ரொட்டிலில் நீண்ட நேரம் அப்படி முக்க விடுவது எஞ்சினுக்கும் நல்லதல்ல.

இரண்டாவது வழி, அதே விட்டத்தில் பிட்ச் குறைந்தது. என் மோட்டாருக்கு 6, 7, 8, 9 எல்லாம் கிடைக்கும். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது பொதுவான கைக்கணக்கு. 8இலிருந்து 6க்கு இறங்கியபோது எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே, 5,300க்குக் கிட்ட வந்தது. வீச்சின் நடுவுக்குக் கிட்ட வர அது போதும். எதிர்க்காற்றில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. வேகம் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் அலை அறைந்த பிறகு படகு திரும்ப வேகமெடுக்கும் நேரம் குறைந்தது. துறைக்குள் நுழையும்போது அதுதான் முக்கியம். வேகம் செத்தால் சுக்கான் செத்துவிடும், சுக்கான் செத்தால் காற்று மூக்கைத் தள்ளி மணலுக்குக் கொண்டுபோகும்.

இன்னொரு நன்மையை நான் எதிர்பார்க்கவில்லை. மோட்டாரைக் குறைந்த சுற்றில் விட்டுக் கியர் போட்டால், 8 பிட்சில் படகு கொஞ்சம் அவசரமாகவே நகரும். 6இல் அது தவழும். இரண்டு பக்கமும் ஆட்களின் விலைகூடிய படகுகள் நிற்கும்போது தவழ்வதுதான் வேண்டியது.

குறை? சத்தம். அமைதியான ஏரியில் 5 நொட் போக முன்பைவிடக் கூடுதல் சுற்று வேண்டும், ஒற்றைச் சிலிண்டர் அதைக் காதுக்குள் கொண்டுவந்து சொல்லும். பிட்சை அளவுக்கு மேல் குறைத்தாலும் தொல்லைதான். பின்காற்றில் பாயும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது பளு குறைந்து, எஞ்சின் 6,000ஐத் தாண்டப் பார்க்கும்.

மூன்றாவது, நாலு இதழ். அதிர்வு குறைவு, அலையில் பிடி கூடுதல், பின்னோட்டத்தில் இன்னும் நல்லது. இதழின் பரப்புக் கூடுவதால் எஞ்சினுக்குப் பளுவும் கூடும். ஆகவே மூன்று இதழில் எந்தப் பிட்ச் போடுவீர்களோ அதைவிட ஒன்று குறைத்துப் போடுவது வழக்கம். 9.9 குதிரைவலு மோட்டார் உள்ளவர்கள் இதைத் தயங்காமல் யோசிக்கலாம், அவர்களுக்குத் தெரிவு உண்டு. 6 குதிரைவலுவுக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அந்த அலைச்சலுக்கு ஏற்ற பலன் இருக்கும் என்று தோன்றவில்லை.

இதழின் எண்ணிக்கையைவிட எனக்குத் தலையிடி தந்தது பின்னோட்டம். பாய்ப்படகுக்குப் பிரேக் என்பது பின்னோட்டக் கியர் மட்டும்தான். ஆயிரம் கிலோ, பின்காற்று, முன்னால் டொக். முதல் கோடையில் ஒருநாள் அப்படி வந்து பின்னோட்டம் போட்டு த்ரொட்டிலை முறுக்கினேன். மோட்டார் அலறியது, பின்னால் வெள்ளை நுரை எழும்பியது, படகு அதைச் சட்டைசெய்யாமல் முன்னால் போய் டொக்கை முட்டியது. முன்மூக்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

காரணம், பெரும்பாலான அவுட்போர்ட்களில் புகை வெளியேறுவது புரொப்பெலரின் நடுக்குடத்துக்குள்ளால். முன்னோட்டத்தில் அது பின்னால் பறந்துவிடும். பின்னோட்டத்தில் தண்ணீர் பின்னாலிருந்து முன்னே இழுக்கப்படுவதால், அந்தப் புகையும் இதழ்களுக்குள்ளேயே திரும்பி வரும். இதழ் தண்ணீருக்குப் பதில் குமிழியைக் கடையும். த்ரொட்டிலை இன்னும் முறுக்கினால் இன்னும் புகை, இன்னும் குமிழி. ஆகவே பின்னோட்டத்தில் மெல்லத் தொடங்கி, பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அவசரத்தில் கை அதற்கு எதிராகத்தான் போகும்.

இதற்கென்றே புரொப்பெலர் உண்டு. யமஹா "டூவல் த்ரஸ்ட்" என்ற பெயரில் விற்பது அந்த வகை. பின்னோட்டத்தில் புகை இதழ்களுக்குள் புகாமல் வேறு வழியாக வெளியேறும். 8, 9.9 குதிரைவலுவில் பாய்ப்படகுக்குப் புரொப்பெலர் தேடுபவர்கள், பிட்ச் என்ன என்று கேட்பதற்கு முன்னே இதைக் கேட்பது நல்லது.

புரொப்பெலரைக் குறைசொல்ல முன் இன்னொன்றையும் பாருங்கள். பின்னோட்டத்தில் மோட்டாரின் கால் தண்ணீரை விட்டு மேலே கிளம்பாமல் பிடிக்க ஒரு பூட்டு உண்டு. அது விழாமலிருந்தால் எந்தப் புரொப்பெலரும் உதவாது. நான் டொக்கை முட்டிய அன்று அது விழுந்திருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

நாலாவது வழி பெரியது: மோட்டாரையே மாற்றுவது. சாதாரண யமஹா 9.9இல் கியர் விகிதம் 2.08. அதே நிறுவனத்தின் கூடுதல் தள்ளுவிசை மாதிரி டி9.9இல் 2.92. எஞ்சின் 5,500இல் நிற்கும்போது முதலாவதில் புரொப்பெலர் 2,640 சுற்று, இரண்டாவதில் 1,880. மெதுவாகச் சுற்றுவதால் முறுக்குவிசை கூடும், அந்த முறுக்குவிசைக்குப் பெரிய விட்டம் போடலாம், அதற்கு இடம் கொடுக்கும் பெரிய கியர்ப் பெட்டியும் கீழே இருக்கும். சும்மா பெரிய புரொப்பெலரை வாங்கிச் சின்ன மோட்டாரில் பூட்ட முடியாததற்கும் இதுதான் காரணம். மேலே இருக்கும் தட்டில் இதழ் முட்டும்.

பாய்ப்படகைத் தள்ளுவதில் இதற்கு இணை இல்லை. 25, 27 அடிப் படகென்றால், இரண்டாயிரம் கிலோவுக்கு மேல் எடையென்றால், நான் சொல்லக்கூடியது இதைத்தான். சின்ன மோட்டாரில் புரொப்பெலரை மாற்றி மாற்றிப் பார்ப்பது காசுக்கும் காலத்துக்கும் கேடு. ஆனால் 22 அடியில்? என் 6 குதிரைவலு ஏறக்குறைய 26 கிலோ. அது 50 கிலோவுக்குக் கிட்ட. அந்த எடை படகின் ஆகப் பின்னே, அதுவும் வெளியே, ஒரு தாங்கியில் தொங்க வேண்டும். இரண்டு பேர் பின்னால் இருந்தாலே என் படகு குந்தத் தொடங்கிவிடும். அதைவிட, பாயோட்டம் முடிந்து மோட்டாரை மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஐம்பது கிலோவை முதுகு ஞாபகம் வைத்திருக்கும். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வேண்டாம்.

உலோகம் பற்றிக் கனபேர் கதைப்பார்கள், எனக்குச் சொல்ல அதிகமில்லை. துருப்பிடிக்காத உருக்கு அழகாக மினுங்கும். வேகப் படகுகளில் மெல்லிய, வளையாத இதழுக்குப் பலன் உண்டு. 5 நொட்டில் அந்தப் பலன் தெரியாது, விலை மட்டும் தெரியும். கல்லில் பட்டால் வளையாது, அந்த அடியைக் குடத்து ரப்பரும் கியரும்தான் வாங்க வேண்டும். அலுமினியம் போதும். மணலில் உரசி ஓரம் தேய்ந்தால் அரத்தால் ராவிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கலவையில் வருபவை மலிவு. அவற்றை முதன்மையாகப் பூட்டாமல், உடைந்தால் போட ஒன்றாகப் படகில் வைத்திருப்பது புத்தி.

இவ்வளவும் யோசிப்பதற்கு முன் மோட்டாரின் கால் நீளத்தைப் பார்த்தீர்களா? 15, 20, 25 அங்குலம் என்று வருகின்றன. படகு முன்னும் பின்னும் ஆடும்போது பின்புறம் எழும்பி, கால் குட்டையான மோட்டாரின் புரொப்பெலர் காற்றைக் கடையத் தொடங்கும். எஞ்சின் கத்தும், தள்ளுவிசை பூச்சியம். இதை எந்தப் பிட்சும் திருத்தாது. என் முதல் மோட்டார் 15 அங்குலம். இரண்டு கோடை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதில் ஒன்று முழுவதும் அதோடுதான் போனது. புரொப்பெலரைப் பழித்துக்கொண்டிருந்தேன், குற்றம் காலில் இருந்தது. பாவித்த மோட்டார் மலிவாக வந்தால், விலையைக் கேட்க முன் காலை அளவுங்கள்.

எதை வாங்கினாலும் சுற்றை அளக்காமல் வாங்கக் கூடாது. பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்னச் சுற்றுமானி சில பத்து டொலருக்குக் கிடைக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: நாலு ஸ்ட்ரோக் ஒற்றைச் சிலிண்டரில் தீப்பொறி இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வேண்டும், ஆனால் பல மோட்டார்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று அடிக்கும். மானியை அதற்கேற்ப மாற்றாவிட்டால் எண் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும். எனக்கு முதலில் 9,600 காட்டியது. சில நிமிடம் பெருமையாக இருந்தது.

அளக்கும்போது படகில் வழமையான பாரம் இருக்க வேண்டும், தொட்டியில் எரிபொருள், ஆட்கள், நங்கூரம் எல்லாம். அடியில் பாசி பிடித்திருந்தால் அதுவும் பளுதான். பிறகு முழு த்ரொட்டிலில் ஒரு நிமிடம். வீச்சின் நடுவுக்குக் கிட்டவோ சற்று மேலோ நின்றால் உங்கள் புரொப்பெலர் சரியானது. கீழ் எல்லையைத் தொடவில்லையென்றால், குறைந்த ஒவ்வொரு 200 சுற்றுக்கும் ஓர் அங்குலம் இறக்குங்கள்.

பூட்டுவதைத் தண்ணீரில் வைத்துச் செய்யாதீர்கள். மே மாதம் படகை இறக்க முன், தரையில் நிற்கும்போது செய்யலாம். தண்டில் கிறீஸ் பூசுங்கள். உள்ளே இருக்கும் தடித்த வளையம் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டும், மாறினால் குடம் கியர்ப் பெட்டியை அராவும். நட்டு கழலாமல் பிடிக்கும் பிளவு ஊசி எப்போதும் புதியதாக இருக்க வேண்டும். புரொப்பெலரைக் கழற்றியதும் தண்டின் அடியைப் பாருங்கள். மீன்பிடி நூல் அங்கே போய்ச் சுற்றிக்கொண்டு எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம், அப்புறம் புரொப்பெலர் இரண்டாம் வேலை.

நான் முடிவாக வைத்துக்கொண்டது மூன்று இதழ், 6 பிட்ச், அலுமினியம், 25 அங்குலக் கால். 7 பிட்சும் போட்டுப் பார்க்க ஆசைதான். சத்தம் கொஞ்சம் குறையும், சுற்று 5,100 அளவில் நிற்கும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் செப்டெம்பர் கடைசியில், இருட்டும் நேரம், எதிர்க்காற்றில் வாயிலுக்குள் வரும்போது, அந்த இருநூறு சுற்றை விட்டுக்கொடுக்க மனமில்லை. பழைய 8 பிட்ச் இருக்கைக்குக் கீழ்ப் பெட்டியில் கிடக்கிறது, ஒரு பழந்துணியில் சுற்றி, இரண்டு பிளவு ஊசியோடும் ஒரு குறட்டோடும். மனைவி அதை நங்கூரத்தின் ஒரு பாகம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள்.